டிராஃபிக்கை விற்கலாமா?

ஜனவரி 4, சனி

காலையில் கடைக்கு வந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, லென்ஸில் கோளாறு என்று சண்டை பிடித்தார். நான் கழற்றி, திருப்பி, மாட்டிவிட்டேன். "இப்ப பரவாயில்ல. முதல்லயே ஒழுங்கா செஞ்சிருக்கலாம்ல" என்றார். முதலாளி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் மாமனாருடன் கால்பந்து மேட்ச். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டு கோலுக்கும் பந்து எங்கள் டிராஃபிக்கின் காலிலிருந்துதான் கிளம்பியது. மனிதர் நடுக்களத்தில் நின்றுகொண்டு, நீ அங்கே போ, நீ இங்கே நில்லு என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டே இருப்பார். மாமாதான் முதலில் டிராஃபிக் என்று பெயர் வைத்தார். இன்று கேலரி முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது. காலமெல்லாம் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே பஸ் ஓட்டிய மனிதர், ரிட்டயர் ஆனபிறகு டிராஃபிக் மேல் உயிரையே வைத்திருக்கிறார்.

வெளியே வரும்போது, எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் பூட்டுக்கடைக்காரர் காதோடு காதாகச் சொன்னார். "விஷயம் தெரியுமா? தலைநகர் கிளப் நம்ம டிராஃபிக்கைக் கேக்குதாம்." மாமா முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் பிரேக் போட்ட அழகைப் பற்றிக்கூட.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விற்றுவிடலாமே என்று நினைத்தேன். நினைத்தது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 6, திங்கள்

செய்தி உண்மைதான். எங்களுடையது உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கிளப் என்பதால், விற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்களே ஓட்டுப் போட வேண்டுமாம். 26ஆம் தேதி ஞாயிறு, கிளப் ஹாலில். ஒரு அட்டைக்கு ஒரு ஓட்டு.

எங்களுடையது குடும்ப அட்டை. சீட்டு இரண்டு, ஓட்டு ஒன்று. கல்யாணம் ஆன புதிதில் மாமா தனக்கும் மகனுக்குமாக வாங்கியது. அந்த மகன்தான் என் கணவன். இவன் பேக்கரியில் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிறவன். முதல் மேட்சிலேயே மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எங்கள் பக்கம் கோல் போட்டபோது எல்லோரும் எழுந்து நிற்க, இவன் சீட்டில் சரிந்து விழுந்தான். அடுத்த வாரம் அந்தச் சீட்டுக்கு நான் போனேன். மாமாவுக்கு மரியாதை, இவனுக்குத் தூக்கம் என்றுதான் போனேன். மூன்றாவது மேட்சில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

மாமா ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நாம வேண்டாம்னுதானே போடறோம்மா" என்றார். கேள்விகூட இல்லை. "பார்க்கலாம் மாமா" என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் சொல்ல நா எழவில்லை. கோழை.

ஜனவரி 9, வியாழன்

சொல்லிவிட்டேன். "மாமா, வித்துடலாம்னு தோணுது."

மாமா டீயை அப்படியே கீழே வைத்தார். பிறகு மேஜையில் இருந்த கிண்ணம், டம்ளர், உப்பு டப்பா எல்லாவற்றையும் பதினொரு இடத்தில் வைத்தார். நடுவில் சர்க்கரை ஜாடி. அதுதான் டிராஃபிக். அதை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "இப்ப சொல்லு, பந்து யார்கிட்ட போகும்?" என்றார்.

இடது ஓரத்தில் இருந்த கரண்டியைக் காட்டினேன். "இங்க நமக்கு ஆளே இல்ல மாமா. மூணு வருஷமா எல்லா கோலும் இந்தப் பக்கமாத்தான் உள்ள வருது. டிராஃபிக் முட்டி வேற தேஞ்சுபோச்சு. நல்ல விலைக்குக் கேக்கறப்பவே கொடுத்துட்டு, இடது பக்கம் தடுத்து ஆட ஒரு பேக்கை வாங்கிடலாம்."

"பஸ்ஸை வித்து டயர் வாங்கச் சொல்றியா?"

"டயரே இல்லாத பஸ்ஸை வெச்சுக்கிட்டு என்ன மாமா பண்றது?"

இவன் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தான். "எந்த பஸ்? என்ன ஆச்சு?" என்றான். பாவம், டீயில் போட சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவ்வளவு நன்றாக இருந்தது இன்று. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமாவிடம் நான் பேசியது "சாப்பிட வாங்க மாமா", "மாத்திரை போட்டீங்களா மாமா". அத்தை போய்ப் பல வருடமாகிறது. மாமாவும் அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர். எங்கள் அறைக்குள் இவனை வாடா போடா என்பவள், மாமா எதிரில் "ஏங்க" என்று மாறிவிடுவேன். மேட்ச் நடக்கும்போது மட்டும்தான் நாங்கள் இரண்டு பேரும் மனிதர்கள் மாதிரி பேசிக்கொள்வோம். இன்று அது முதல் தடவையாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஜனவரி 11, சனி

ஐயோ.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இரண்டாவது பாதி. டிராஃபிக் திரும்பும்போது முட்டி மடங்கி, பந்து பறிபோனது. நேராகக் கோல். மாமா உடனே, "அது ஃபவுல், அவனைத் தள்ளிட்டாங்க" என்றார். ரெஃபரீ ஃபவுல் இல்லை என்றார். அதற்கு முன்தான் ரெஃபரீயை வேறொரு விஷயத்துக்காக யோவ் யோவ் என்று கத்திக்கொண்டிருந்தேன். அதே வேகத்தில், அதே தொண்டையில், மாமா பக்கம் திரும்பி –

"யோவ், உனக்குக் கண்ணு இருக்கா இல்லியா? யாருய்யா தள்ளினா? அவன் முட்டியப் பாருய்யா!"

யோவ். மாமாவை. என் வாயால். அதுவும் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கண்ணு இருக்கா என்று.

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பூட்டுக்கடைக்காரர் வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்துவிட்டார். மாமா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச ஆட்டத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நான் நின்றுகொண்டே வந்தேன், சீட்டுக் காலியாக இருந்தும்.

ஜனவரி 12, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். "நேத்து ஏதோ வேகத்துல..." என்று ஆரம்பித்தேன். "எது? ஓ, அதுவா" என்றார். பேப்பரை மடித்தார், பிரித்தார். என்னவோ சொல்ல வந்தார். கேட்கத் தைரியமில்லாமல், "உங்க இஷ்டம் மாமா, வேண்டாம்னே போட்டுடலாம், ஓட்டு உங்களுது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

விட்டுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தேன்? அவர் முகம் இன்னும் வாடிவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

இவன் கேட்கிறான், "அப்பா ஒரு மாதிரி இருக்காரே, நீ ஏதாவது சொன்னியா?" என்று. என்ன பதில் சொல்ல? உங்க அப்பாவை யோவ் என்று கூப்பிட்டேன் என்றா? "சீசன் சரியில்லடா" என்றேன். குளிர்காலத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து எனக்கு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தான்.

ஜனவரி 16, வியாழன்

மாமாவுக்கு நிஜமாகவே உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். இன்று சாப்பிடும்போது, "இந்த ஆஃப்சைடு ரூல்ங்கறதே சும்மா. எடுத்துடணும்" என்றார். சரிங்க மாமா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "டிராஃபிக்கை கோல்கீப்பரா நிறுத்தினா என்ன? கைதான் நல்லா வேலை செய்யுதே" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நல்ல யோசனை மாமா."

பெருமூச்சு விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். டாக்டரிடம் காட்ட வேண்டுமோ?

ஜனவரி 18, சனி

மூன்று கோல் போட்டோம். ஒன்றுகூட வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா ஆடறாங்க மாமா" என்றேன். "ஆமாம்மா" என்றார். வாழ்நாளில் இப்படி ஒரு சலிப்பான மேட்ச் பார்த்ததில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்று நடந்ததை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன்.

பூட்டுக்கடைக்காரர் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "என்னம்மா, மாமனாரை அப்புறம் ஒண்ணும் திட்டலியா?" என்றார்.

லென்ஸ் பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "இல்லீங்க. அன்னிக்கி தெரியாம..."

"அட, பாவம்மா. அவர் காத்துக்கிட்டிருக்கார்."

"எதுக்கு?"

"நீ யோவ்னு சொன்னதை ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறார். நான்தான் நேர்ல கேட்டேனே, என்கிட்டயும் வந்து சொல்றார். பஸ் ஓட்டினவரைக்கும் நாள் முழுக்க யோவ் டிரைவர், யோவ் நிறுத்துய்யா, யோவ் எங்கய்யா பாக்கறேன்னு யாராவது கத்திக்கிட்டே இருப்பாங்களாம். ரிட்டயர் ஆனதும் எல்லாரும் ஐயா, உக்காருங்க, மெதுவா வாங்கங்கறாங்களாம். உடையற சாமான் மாதிரி வெச்சிருக்காங்கன்னு ஒரே வருத்தம். 'என் மருமகதான்யா மறுபடியும் என்னை ஆளா மதிச்சிருக்கா'ன்னார். இப்ப என்னடான்னா, நீ எது சொன்னாலும் சரிங்க மாமாங்கறியாம். ஆஃப்சைடை எடுக்கணும்னு சொல்லிப் பார்த்தாராம், அதுக்கும் கோபம் வரலியாமே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருக்கு லென்ஸைக் கண் மாற்றிப் போட்டுவிட்டேன். "ஒண்ணுமே தெரியலியேம்மா" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தயாராக இருந்தார். "யோசிச்சுப் பார்த்தேன்மா. கோல்கீப்பரே தேவையில்ல. பதினொரு பேரும் முன்னாடி போய்ட்டா பந்து எப்படித் திரும்பி வரும்?"

பையைக் கழற்றி வைத்தேன். "மாமா, என்ன பேச்சு இது? இதைவிட அபத்தமா ஒரு மனுஷன் பேச முடியுமா? முதல்ல டிராஃபிக் விஷயத்துக்கு வாங்க. வேண்டாம்னு போட நான் ஒத்துக்கல. அன்னிக்கிப் பயத்துல சொன்னது. ஓட்டு உங்களுது மட்டும் இல்ல, பாதி என்னுது."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே அலமாரிக்குப் போய்ச் சர்க்கரை ஜாடியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். சாப்பாடு ஆறி, மறுபடி சுட வைத்து, மறுபடி ஆறியது.

யோவ் மட்டும் வரவில்லை. வேண்டுமென்று சொன்னால் அது நாடகம். நீங்க, வாங்க என்றே முழுத் தொண்டையில் சண்டை போட்டேன். அதுவும் முடிகிறது, தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 23, வியாழன்

மாமாவை மடக்குவதற்காகப் பழைய மேட்சுகளை மொபைலில் போட்டு, முட்டி எங்கெல்லாம் மடங்குகிறது என்று தேடினேன். தேடியது கிடைத்தது. ஆனால் வேறொன்றும் கிடைத்துத் தொலைத்தது.

டிராஃபிக் கை காட்டுவது பந்து வந்த பிறகு அல்ல. வருவதற்கு முன்பே காட்டிவிடுகிறார். நம் ஆட்கள் அங்கே போகிறார்கள், பிறகு பந்து அங்கே வருகிறது. ஓடுவதே இல்லை மனிதர். முட்டி தேய்ந்தால்தான் என்ன? கை தேயவில்லையே. இப்படி ஓர் ஆளைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் யாரை நிறுத்தி என்ன பிரயோஜனம்?

நாளைக்குச் சொல்ல வேண்டும். தோற்றுப் போனேன் மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி என்று. சந்தோஷப்படுவார்.

ஜனவரி 24, வெள்ளி

சந்தோஷப்படவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். காலையில் பயிற்சி பார்க்கப் போயிருக்கிறார். டிராஃபிக் முடித்துவிட்டுப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாராம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்கம்மா. நல்ல தரை இருக்கு. இங்க இந்தச் சேத்துல இன்னும் ரெண்டு வருஷம் ஓடினா நடக்கறதுக்கே கஷ்டப்படுவான். நம்ம சந்தோஷத்துக்காக அவனைப் பிடிச்சு வெக்கறது நியாயமா? நீ சொன்னதுதான் சரி. வித்துடலாம்."

"மாமா, நான் மாறிட்டேன்."

"என்ன மாறிட்டே?"

"விக்கக் கூடாது."

மாமா சொன்னார், "அப்ப நான் சொன்னப்ப எதுக்கு அவ்ளோ கத்தினே?" நான் சொன்னேன், "நான் சொன்னப்ப நீங்க எதுக்கு சர்க்கரையை ஒளிச்சு வெச்சீங்க?"

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை அவர் வாதங்களை நான் சொன்னேன், என் வாதங்களை அவர் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார். எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

ஓட்டு. இல்லை, ஓட்டு என்று சொல்ல முடியாது.

ஹால் வாசல் வரைக்கும் வரிசை. வீட்டில் ஆரம்பித்த பேச்சு பஸ்ஸில் தொடர்ந்து, வரிசையிலும் தொடர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் கலந்துகொண்டார்கள். ஒருவர் என் பக்கம், இரண்டு பேர் மாமா பக்கம், ஒருவர் டிராஃபிக்கையும் வைத்துக்கொண்டு அவருடைய தம்பியையும் வாங்கலாம் என்றார். டிராஃபிக்குக்குத் தம்பி இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

மேஜைக்கு வந்தோம். கிளப் செயலாளர், மருந்துக்கடை அம்மா, ஓட்டுச் சீட்டை நீட்டினார். "குடும்ப அட்டை, ஒரே ஓட்டு. யார் போடறீங்க?"

"அவ" என்றார் மாமா. "அவர்" என்றேன் நான்.

"உன் மனசுல உள்ளதைப் போடு" என்றார். "அப்ப வேண்டாம்னு போடுவேன், உங்களுக்குச் சம்மதமா?" என்றேன். "சம்மதமில்ல, ஆனா போடு." "சம்மதமில்லாம எப்படிப் போடறது?" "அப்ப நான் வித்துடலாம்னு போடட்டுமா?" "போடுங்க. ஆனா தப்பு." "தப்புன்னா எதுக்குப் போடச் சொல்றே?" "தள்ளி நின்னு பேசுங்க, எங்களுக்கு வழி விடுங்க" என்று யாரோ கத்தினார்கள். தள்ளி நின்றோம். அவர் முட்டி என்றார், நான் கை என்றேன். சுவரில் சாய்ந்துகொண்டு மாமா பேனா மூடியால் உள்ளங்கையில் மைதானம் வரைந்து காட்டினார். நான் என் கையில் வேறு மைதானம் வரைந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஹாலில் யாருமில்லை. செயலாளர் அம்மா பெட்டிக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூடியாச்சுங்க" என்றார். "ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

மாமா கையில் சீட்டு வெள்ளையாக அப்படியே இருந்தது.

வீடு வரைக்கும் சிரித்தோம். நிறுத்தியதும் ஒருவர் ஆரம்பிப்போம். பஸ்ஸில் கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ராத்திரி முடிவு வந்தது. விற்கலாம் என்று பெரும்பான்மை. பெரிய வித்தியாசம். எங்கள் ஒரு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இவன் கேட்டான், "அப்ப இத்தனை நாளா எதுக்கு சண்டை?" என்று. மாமாவும் நானும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

பிப்ரவரி 1, சனி

டிராஃபிக் விடைபெற வந்தார். சாதாரணச் சட்டையில். நடுவட்டத்தில் போய் நின்றார். வழக்கம்போல் கையைத் தூக்கத்தான் போனார். அதற்குள் கேலரி முழுக்க எழுந்து, எல்லோரும் இரண்டு கையாலும் அவருக்கு வழி காட்டினோம். போ, போ, நேராகப் போ. ஆயிரக்கணக்கான கைகள். மாமா வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிற மாதிரி நீட்டி, பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடும் சைகை காட்டினார். டிராஃபிக் சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அழுதேன். விற்றது தப்பு என்று அப்போதும் சொன்னேன். மாமா கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "தப்பில்லம்மா" என்றார். அதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

வெளியூர் மேட்ச். வீட்டில் டிவியில் பார்த்தோம். டிராஃபிக்கை விற்ற பணத்தில் வாங்கிய புது இடது பேக்குக்கு முதல் ஆட்டம். இவன் அடுப்படியில் எங்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பாதியில் நடுக்களத்தில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. நான் விடவில்லை. "பாத்தீங்களா மாமா? பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். பந்து எங்க போறதுன்னு அதுக்கே தெரியல" என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அப்போது புது ஆள் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒருவனைத் தாண்டினான். "டிராஃபிக் இருந்திருந்தா இந்நேரம்..." என்று நான் ஆரம்பிக்க, மாமா நாற்காலி நுனிக்கு வந்து, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், என் பக்கம் கையை வீசிக் கத்தினார்.

"டேய், கொஞ்ச நேரம் சும்மா இருடா!"

அடுப்படியிலிருந்து இவன் தலையை நீட்டி, "நான் என்னப்பா பண்ணேன்?" என்றான்.

"உன்னைச் சொல்லல" என்றார் மாமா.